நான்காம் வசனத்தை ஏன் விட்டுவிட்டார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் குணமாக்கும் ஜெபம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேதாகமத்தில் உள்ள யாக்கோபு நிருபத்தின் (யாக்கோபு எழுதிய கடிதத்தின்) 5-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது சரிதான். ஆனால் கட்டுரையாளர் 14-ஆம் வசனத்தில் தொடங்கி 16-இல் முடித்துவிட்டார். அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தைத் தொடவே இல்லை. வயலை அறுத்தவர்களுக்குத் தராமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தரின் செவிக்கு எட்டிவிட்டது என்கிற வசனம் அது. கூலியைப் பற்றிப் பேசிய அதே மூச்சில்தான் யாக்கோபு நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறார். நாம்தான் நடுவில் கத்திரி போட்டுவிட்டோம்.

ஜெபத்தால் சுகம் கிடைக்காது என்று சொல்ல வரவில்லை. நானும் நம்புகிறவள்தான், மருந்தும் சாப்பிடுகிறவள். என் குறை வேறு. எங்கள் சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளை வாங்கி வாசிப்பது என் பொறுப்பு. முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை என்றுதான் பெரும்பாலும் வரும். எழுதித் தருகிறவர்களில் பலர் நாள் முழுக்க நின்றோ குனிந்தோ வேலை செய்பவர்கள். ஒரு சீட்டில் ‘முழங்கால் வலி நீங்க’ என்று இருந்தது. அந்த அம்மா வேலை பார்க்கும் வீட்டின் எஜமானர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி உருக்கமாக ஆமென் சொன்னார். வாரத்தில் ஒரு நாளாவது அந்த அம்மாவுக்கு லீவு உண்டா என்று அவரிடம் கேட்டால் அது ஆவிக்குரிய விஷயம் இல்லையாம்!

லூக்கா 13-இல் பதினெட்டு வருடம் கூனியாயிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் குணமாக்குகிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம். வேலை செய்யத்தான் ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வந்து குணமாகுங்கள் என்கிறான். ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துப் போய்த் தண்ணீர் காட்டுகிறீர்கள், ஆபிரகாமின் மகளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். ஓய்வுநாள் எதற்கு என்று உபாகமம் 5:14 பளிச்சென்று சொல்கிறது: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும். ஏசாயா 58-ஐயும் பாருங்கள். நுகத்தடியை உடைத்து, பசித்தவனுக்கு ஆகாரம் கொடுத்த பிறகுதான் அங்கே சுகம் துளிர்க்கிறது.

இன்னொன்று. யாக்கோபு 5:14-இல் வியாதிக்காரன் மேடைக்கு வரவில்லை. அவன் கூப்பிட, மூப்பர்கள்தான், அதாவது சபையை நடத்தும் பெரியவர்கள்தான், அவனிடம் போகிறார்கள். வீடு தேடிப் போனால் காற்று வராத அறையும் பாதியில் நின்ற மாத்திரையும் கண்ணில் படும். எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கத் தோன்றும். அப்புறம் முதலாளியிடம் போய்ப் பேச வேண்டியிருக்கும். அவர் நன்றாகக் காணிக்கை போடுகிறவராக இருந்தால் மூப்பருக்குச் சங்கடம்தான், புரிகிறது.

எண்ணெய்க் குப்பியோடு போகும் மூப்பர்கள் இந்தக் கேள்விகளையும் கேட்க வேண்டும் என்று எங்கள் சபைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வேறு சபைகளில் யாராவது இப்படிச் செய்துவந்தால், முதலாளிகளிடம் எப்படிப் பேசினார்கள் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி