சேற்றில் நான்காவது விரல்

ஜெராண்டுட், பகாங்

அன்பு மகள் தேவிக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. புத்தகத்தில் நம் காட்டு விலங்கான தாபிரின் படத்தைப் பார்த்துவிட்டுப் பேரன் அதைப் பன்றி என்கிறான் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. அவனுக்கு இதை வாசித்துக் காட்டு.

முந்தாநாள் மழை விட்டதும் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஓடைப் பக்கம் போனேன். சேற்றில் தாபிரின் தடம், இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் மூன்று விரல்கள், நடுவிரல் பெரிது. அடுத்ததில் நான்கு. பின்காலுக்கு மூன்று, முன்காலுக்கு நான்கு. அந்த நான்காவது சின்ன விரல் இளகிய சேற்றில்தான் பதியும்.

நான்கு விரல் இருந்தும் இதை ஏன் ஒற்றைப்படைக் குளம்பி, அதாவது ஒற்றைப்படை விரல் கொண்ட குளம்பு விலங்கு, என்கிறார்கள் என்று கேட்பான். பன்றிக்கும் மாட்டுக்கும் உடம்பின் பாரம் இரண்டு விரல்களுக்கு நடுவே இறங்கும். தாபிருக்கு நடுவிரல் வழியாகவே இறங்கும். காண்டாமிருகத்துக்கும் அப்படித்தான், அதற்குக் காலுக்கு மூன்று விரல். குதிரைக்கோ அந்த நடுவிரல் மட்டுமே மிச்சம். மூன்றும் ஒரே கூட்டம். அசை போடாமல், தின்ற இலையைப் பெருங்குடலில் புளிக்கவைத்தே செரிக்கிறவை. மலாய்க்காரர்கள் தாபிரை 'பாடாக் தம்போங்' என்பார்கள், ஒட்டுப்போட்ட காண்டாமிருகம் என்று அர்த்தம். எவ்வளவு சரியான பெயர்!

சபா மாநிலத்தில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் 2019 நவம்பரில் இறந்தது. அதோடு மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகமே இல்லாமல் போனது. இந்தக் கூட்டத்தில் நம் காட்டில் இப்போது இருப்பது தாபிர் ஒன்றுதான் அம்மா.

போன மாதம் விடியற்காலையில் ஒன்று சாலையோரம் அடிபட்டுக் கிடந்தது. பெண். முன்பாதி கறுப்பு, முதுகிலும் இடுப்பிலும் வெள்ளை. நிலா வெளிச்சத்தில் அந்த இரண்டு நிறமும் உருவத்தை உடைத்துக் காட்டும், புலிக்கு அது ஒரு மிருகமாகவே தெரியாது என்பார்கள். லாரிக்காரருக்கும் தெரியவில்லை. அது குட்டியைச் சுமப்பது ஏறக்குறைய 13 மாதம், ஈனுவதும் பெரும்பாலும் ஒரே குட்டி. தர்ப்பூசணிக் காய் மாதிரி கோடும் புள்ளியுமாகப் பிறக்கும் அந்தக் குட்டி எங்காவது காத்துக்கொண்டிருக்குமோ என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவில் அந்த வளைவில் இப்போது 40-க்கு மேல் நான் ஓட்டுவதில்லை. தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.

சரி, தீபாவளிக்கு வரும்போது பேரனுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கி வா. ஓடைக்கு நான் கூட்டிப் போகிறேன். அப்போது நல்ல மழைக்காலம், நான்காவது விரலும் பதிந்திருக்கும்.

அன்புடன்,
அப்பா