பழைய கேட்டலாகைத் திறந்துவிடுங்கள்: மென்பொருள் நிறுவனத்தாருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் படத் திருத்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிப் பன்னிரண்டு ஆண்டு பயன்படுத்தியவன் நான். நிரந்தர உரிமத்தை நிறுத்திவிட்டு மாதச் சந்தாவுக்கு மாறிய கதை உங்களுக்கே தெரியும். விற்பவர் விலையை மாற்றுவது அவர் பாடு. என் வழக்கு வேறு.

மொரீஷியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில் காவடி, தீமிதி, கல்யாணம் என்று முப்பதாயிரத்துக்கு மேல் படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆள் பெயர், கோயில், ஆண்டு எல்லாம் தமிழிலேயே குறிச்சொல்லாகப் போட்டு உங்கள் கேட்டலாகில், அதாவது படங்களின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் பட்டியல் கோப்பில், ஏற்றினேன். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் வெள்ளம் உள்ளே வந்து, கீழ்த்தளத்தில் இருந்த கணினியைக் கொண்டுபோனது. பீரோ மேல் இருந்த ஹார்ட் டிஸ்க் தப்பியது. படமும் இருந்தது, கேட்டலாகின் நகலும் இருந்தது. அப்பாடா என்று புதுக் கணினியில் பழைய பதிப்பை ஏற்றினால், உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரையே மூடிவிட்டீர்களாம். ஜனவரி 25 தைப்பூசம். கையில் பத்து நாள்கூட இல்லை. சரி என்று சந்தா கட்டினேன். புதிய பதிப்பு என் கேட்டலாகை 'மேம்படுத்தி'த் தந்தது. தமிழ்க் குறிச்சொல் அத்தனையும் கேள்விக்குறிகளாக வந்து நின்றன.

போன மாதம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் காலமானார். வருடம் தவறாமல் காவடி எடுத்தவர். அவருடைய பேத்தி வந்து, "மாமா, தாத்தா காத்ர் போர்ன் மலைக்கோயில் படி ஏறுகிற படம் உங்களிடம் இருக்கும்தானே? பதினாறாம் நாளுக்கு வேண்டும்" என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் பக்கத்தில் நிற்கும்போதே அவர் பெயரைத் தட்டினேன். ஒரு படமும் வரவில்லை. கேள்விக்குறியைத் தட்டிப் பார்த்தேன். முப்பதாயிரமும் வந்தது.

அப்புறம் கண்ணால்தான் தேடினேன், இரவு இரவாக. எங்கள் ஊர்க் காவடியில் எங்கு பார்த்தாலும் அதே ரோஜா நிற உடுப்புதான். முகத்தைப் பாதி பூவும் மயிலிறகும் மறைக்கும், மீதியை அலகு மறைக்கும். நீங்கள் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லும் முகம் அறியும் வசதியையும் விட்டுப் பார்த்தேன். அது கோபுரத்துப் பூதகணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து "இவர் யார்?" என்று கேட்டது. ஐந்தாம் இரவு படம் கிடைத்தது. அதற்கு முந்தின நாளே பதினாறு முடிந்துவிட்டது. பேத்தி கோபப்படவில்லை, "பரவாயில்லை மாமா" என்றாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். "அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது, புதிய பதிப்புக்கு மாறவும்" என்று மூன்று முறையும் ஒரே பதில். மாறியதால்தானே ஐயா இந்தக் கதி!

நான் கேட்பது ஒன்றுதான். புதிய பதிப்பில் கேள்விக்குறி விழுந்த இடத்தில் பழைய எழுத்து இனித் திரும்பாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பழைய கேட்டலாகின் நகலில் அந்தப் பெயர்கள் இன்னும் முழுசாக இருக்கின்றன. அதைத் திறந்து, குறிச்சொற்களைப் படத்தோடு சேரும் எக்ஸ்எம்பி கோப்புகளாக (எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய படக் குறிப்பு வடிவம்) எழுதித் தரும் ஒரு சின்ன நிரலைக் கொடுங்கள். முடியாதென்றால் பழைய பதிப்பை உரிமச் சோதனை இல்லாமல் ஓடவிடுங்கள். எக்ஸ்எம்பி யாருடைய வீட்டு ரகசியமும் இல்லை, 2012-இலேயே சர்வதேச ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. தமிழ் யூனிகோடில் ஏறியது 1991-இல்.

எங்கள் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே ஆப்ரவாசி காட் என்ற படித்துறையில் வந்து இறங்கியபோது, வெள்ளைக்காரக் குமாஸ்தா ஆளுக்கு ஓர் எண், கப்பல் பெயர், ஊர் என்று பேரேட்டில் எழுதினான். பெயர்களைக் கண்டபடி சிதைத்துத்தான் எழுதினான். ஆனாலும் அந்தப் பேரேடுகள் மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 1998-இல் எங்கள் நாட்டின் புது ரூபாய் நோட்டில் இந்திக்குப் பின்னால் தமிழ் போனதற்கே இங்கே கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவைத்தார்கள். நீங்கள் தமிழைப் பின்னாலும் வைக்கவில்லை, மொத்தமாகவே எடுத்துவிட்டீர்கள்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. என் தப்பும் இருக்கிறது. மென்பொருள் வாங்கும்போது திருத்தும் வசதிகளை அலசினேனே தவிர, எழுதிய குறிப்புகளோடு இதிலிருந்து வெளியேற வழி உண்டா என்று கேட்கவில்லை. இப்போது டிஜிகாம் என்ற இலவச மென்பொருளுக்குப் போகிறேன். அதில் குறிச்சொல்லைப் படக் கோப்பிலேயே எழுதிவிடலாம். ஆனால் முப்பதாயிரம் படத்துக்கும் மறுபடி பெயர் போட வேண்டும், பாதிப் பேரை அடையாளம் சொல்ல இப்போது ஆளில்லை.

ஆகவே தயவுசெய்து பழைய கேட்டலாகைத் திறக்க வழி செய்யுங்கள். அடுத்த தைப்பூசத்துக்குள் என்றால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். பதிலைத் தமிழில் எழுத வேண்டாம், உங்கள் திரையில் அது எப்படித் தெரியுமோ! ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதினால் போதும்.

இப்படிக்கு,
போர்ட் லூயிஸிலிருந்து,
உங்கள் பழைய வாடிக்கையாளன்