செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 – மார்ச் 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் நம் தெருக்களுக்கான இந்தக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைச் சுருக்கமாக முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது. என்னை முறைத்துப் பயனில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் விழாக்களுக்குக் கூட்டம் குறைவதே இல்லை. பொங்கலுக்கு நாற்காலி போதாமல் பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கினோம். ஆனால் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க ஆள் தேடும்போது எல்லோருக்கும் வீட்டில் விருந்தாளி வந்துவிடுகிறார்கள். விழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மாதத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும் என்பதே செயற்குழுவின் கணக்கு. அறிக்கையின் மற்ற பகுதிகளையும் இதை மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

ஆண்டின் தொடக்கத்திலேயே, ஏப்ரல் 19 அன்று, மக்களவைத் தேர்தல் வந்தது. நடக்க முடியாத பெரியவர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போக இளைஞர்கள் ஆட்டோ ஏற்பாடு செய்தார்கள். நவம்பரில் வாக்காளர் பட்டியல் முகாம் நடந்தபோது, புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8 என்று விளக்கி, பூர்த்தி செய்ய உதவினோம். வாடகைக்குக் குடிவந்த குடும்பங்கள் பல அன்றுதான் முதன்முதலாகச் சங்கத்துக்கு அறிமுகமாயின. வாடகைதாரர்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்ற பேச்சு இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. என் ஓட்டு ஆதரவாகத்தான்.

மே மாதம் ரத்ததான முகாம் நடத்தினோம். கல்லூரிகள் விடுமுறையில் இருப்பதால் கோடையில் ரத்த வங்கிகளில் இருப்பு குறையும் என்பதாலேயே அந்த மாதம். ஆர்வத்தோடு வந்த பெண்களில் பலர் திரும்ப வேண்டியதாயிற்று. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்த்து “உங்களுக்கே ரத்தம் வேணும்மா” என்று செவிலியர் சொன்னபோது சிரித்துவிட்டு எழுந்து போனார்களே தவிர, அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. எனவே வரும் முகாமுக்கு இரண்டு மாதம் முன்பே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவியோடு ஹீமோகுளோபின் பரிசோதனை வைக்கலாம் என்று முடிவு. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். தயாராக இருப்பவர்கள் ரத்த வகையோடு பெயர் கொடுத்துவைத்தால், நள்ளிரவில் வாட்ஸ்அப் குரூப்பில் “அர்ஜென்ட்” என்று அலற வேண்டியிருக்காது.

சுதந்திர தினம், நவராத்திரி, மார்கழிக் கோலப் போட்டி எல்லாம் வழக்கம்போல நன்றாக நடந்தன. கோலப் போட்டி நடுவர்கள் மீது வந்த புகார்களும் வழக்கம்போலத்தான்.

மழைக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாம் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. நம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும். அங்கே வடிந்தால்தான் இங்கே வடியும். அதை நம் சங்கம் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது நம் தெருதான். எனவே செப்டம்பரிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் முதியவர் யார், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் யார், யாருக்கு எந்தக் கிழமை டயாலிசிஸ், கைக்குழந்தை எந்த வீட்டில், மாடியில் இடம் கொடுக்கச் சம்மதித்தவர்கள் யார் என்று வீடு வீடாகப் போய் எழுதினார்கள். மகளிர் குழு செய்த வேலை இது. “எதுக்கு இதெல்லாம் கேக்கறீங்க?” என்று கதவைப் பாதி திறந்து கேட்டவர்களும் உண்டு.

அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திய கார்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தோம். காருக்கு இருந்த முன்னேற்பாடு மனிதர்களுக்கு இருந்ததா என்றால், நம் தெருக்களில் ஓரளவு இருந்தது. நவம்பர் 30 சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சனிக்கிழமை டயாலிசிஸ் முறை உள்ள ஓர் ஐயா நம் நோட்டில் இருந்தார். வானிலை அறிவிப்பைப் பார்த்த தன்னார்வலர் வியாழக்கிழமையே அவர் வீட்டாரோடு பேச, அவர்கள் மருத்துவமனையில் கேட்டு முறையை வெள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு போன்தான். ஆனால் ஆண்டு முழுக்க நாம் செய்த வேலைகளில் உருப்படியானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். வடிகால் மூடிகளில் அடைத்த பிளாஸ்டிக் கவர்களைக் கம்பியால் குத்தி எடுத்த தம்பிகளுக்கும், கொட்டும் மழையிலும் வேலைக்கு வந்த தூய்மைப் பணியாளர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

மரக்கன்று நடும் விழா இந்த ஆண்டு வைக்கவில்லை. முன்பு நட்டவற்றுக்கே தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாதபோது புதிதாக நடுவது போட்டோவுக்கு மட்டும்தான் உதவும். இருக்கிற கன்றுகளுக்கு வீட்டுக்கு ஒன்றாகப் பொறுப்பு கேட்டோம். பள்ளிப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட கன்றுகள்தான் செழித்து நிற்கின்றன.

பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் நம் பிள்ளைகளும் கலந்துகொண்டார்கள். பெரிய நிபுணத்துவம் வேண்டாம்; ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீலத் தாழைக்கோழியையும் நாமக்கோழியையும் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொண்டார்கள். நாம் பெரியவர்கள் எல்லாவற்றையும் கொக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கியது, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் பணி. முதலில் போனவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான நம் உறுப்பினர் ஒருவர். வினாவை நிதானமாக வாசிக்க வேண்டும், கேட்டால் மறுபடியும் வாசிக்க வேண்டும், மாணவர் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரம் போகும். “விடை எனக்குத் தெரியும், அந்தத் தம்பி தப்பாச் சொல்றான், வாயை மூடிக்கிட்டு எழுதறதுதான் சார் கஷ்டம்” என்றார். கை வலித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேர்வுக் காலத்தில் கடைசி நேரத்தில்தான் அழைப்பு வரும். பகலில் வீட்டில் இருப்பவர்கள், கையெழுத்து புரியும்படி உள்ளவர்கள், தயவுசெய்து பெயர் கொடுங்கள்.

குப்பை பிரிப்பதில் முன்னேற்றம் உண்டு, போதாது. தெருவிளக்குப் புகார்களை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணை எனக்கு அனுப்பினால் தொடர்ந்து கேட்க வசதியாக இருக்கும். “லைட் எரியல” என்று குரூப்பில் மட்டும் போட்டால், எரியாத விளக்கைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்வதோடு சரி.

வாசலில் டீ வைத்திருக்கும் மேசையிலேயே பதிவேடு இருக்கிறது. மழைக்கால நோட்டைப் புதுப்பித்தல், தேர்வு எழுதுதல், ரத்ததானம், கன்றுக்குத் தண்ணீர், நாற்காலி திருப்பித் தருதல் என்று ஐந்து பக்கம் பிரித்திருக்கிறோம். எது முடியுமோ அதில் பெயர், கிடைக்கும் நேரம், போன் எண் எழுதுங்கள். ஐந்தாவது பக்கத்தை நேற்று மாலையிலிருந்து திறந்தே வைத்திருக்கிறேன். இதுவரை தலைவர் பெயர் மட்டும் இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்