பாலத்தடிப் பூக்காரப் பாட்டிக்கும் உங்கள் எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

தம்பி நேற்று ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டான். இன்று காலை இட்லி சாப்பிட்டான். குழாயை எடுத்த பிறகு குரல் இன்னும் கரகரவென்றுதான் இருக்கிறது. ஆனால் பேசுகிறான், அவன் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறான். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பாட்டிலெல்லாம் என்னாச்சு?" அதற்குப் பதில் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பதிலை உங்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கப் போன எங்கள் குழுத் தம்பியை ஆறு இழுத்துக்கொண்ட அந்த ராத்திரியைப் பற்றி மறுபடி எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் விடிவதற்குள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டீர்கள். மீதிப் பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு விழித்திருந்தீர்கள். கயிறு போட்டு இழுத்த டிராக்டர்க்கார அண்ணன்கள், பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிப் போன கன்னடத்துப் பிள்ளைகள், ரத்தம் கொடுக்க அல்சூரிலிருந்தும் ஈஜிபுராவிலிருந்தும் மழையில் வந்தவர்கள், ஷிப்ட் முடிந்த பிறகும் போகாமல் நின்ற சிஸ்டர்கள், தர்மபுரியிலிருந்து ஓடி வந்த அவன் அப்பா அம்மாவுக்கு கே.ஆர்.புரத்தில் தங்கள் வீட்டு மாடி அறையையே விட்டுக்கொடுத்த குடும்பம், நூறு ரூபாயோ ஐயாயிரமோ கையில் இருந்ததை அனுப்பியவர்கள், வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த எங்கள் ஆய்வுக்குழுவின் சார். உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் அவன் இன்று இட்லி சாப்பிட்டிருக்க மாட்டான். இதைவிட வேறு விதமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி உங்களில் யாருக்கும் தெரியாது. அவரிடம் இருப்பது பட்டன் போன். இதை யாராவது படித்துக் காட்டினால்தான் அவருக்குத் தெரியும். சர்ஜாபுரத்தைத் தாண்டி, முகளூர்ப் பக்கம், நாங்கள் ஆற்றை அளவெடுக்கும் பாலத்துக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் சாமந்தி போட்டிருக்கும் பாட்டி. பூவைப் பறித்து, வாழைநாரில் கட்டி, பாலத்து முனையில் உட்கார்ந்து முழம் போட்டு விற்பார். பூர்வீகம் கிருஷ்ணகிரிப் பக்கம். நாங்கள் கருவிகளோடு போய் இறங்கும்போதெல்லாம் "தண்ணியை அளந்து என்ன கண்ணு செய்வீங்க?" என்று கேட்பார். நாங்களும் ஏதோ சொல்வோம். அவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய, எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த ஆற்றை இங்கே தட்சிண பினாகினி என்கிறார்கள், உங்களுக்குத் தென்பெண்ணை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஹோஸ்கோட்டை வழியாக இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வரும் ஊர்க்கழிவையும் வாங்கிக்கொண்டு ஒசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூரில் கடல். கெலவரப்பள்ளியில் நுரை மிதப்பதை டிவியில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நுரை கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு சேர்ந்து போய் அணைகளின் அடியில் படியும் மண் தெரிவதில்லை. அது எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுப்பதுதான் எங்கள் வேலை.

பாலத்துத் தூணில் சென்டிமீட்டர் போட்ட அளவுகோல் இருக்கிறது. அதில் நீர்மட்டம் பார்ப்போம். ஆற்றின் அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும், ஓட்டமானியை இறக்கி வேகத்தையும் எடுப்போம். மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறக்கினால் கிடைக்கும் வேகம் அந்த இடத்தின் சராசரி வேகத்துக்கு நெருக்கமாக இருக்கும். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி, எல்லாத் துண்டையும் கூட்டினால் நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வந்துவிடும். இப்படிப் பல மட்டங்களில் எடுத்து வைத்துவிட்டால், பிறகு மட்டத்தைப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்லலாம். மண்ணுக்கு அந்த வசதி கிடையாது. பாட்டிலில் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

அதையும் எந்த நாளிலாவது பிடித்தால் போதாது. ஒரு வருஷத்தில் ஆறு கொண்டுபோகும் மண்ணில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில மழை நாள்களில் போய்விடும். அந்த வெள்ளத்திலும், தண்ணீர் உச்சத்துக்கு வருவதற்கு முன்பே மண் உச்சத்துக்கு வந்துவிடுவது இந்த மாதிரிச் சின்ன ஆறுகளில் சகஜம். காலுவாயிலும் ரோட்டோரத்திலும் தளர்ந்து கிடந்ததை முதல் தண்ணீர் வழித்துக்கொண்டு வந்துவிடுகிறது. அதனால் ஒரே மட்டம்தான் என்றாலும், வெள்ளம் ஏறும்போது வரும் மண்ணின் அளவு வேறு, இறங்கும்போது வருவது வேறு. ஏறும்போது விட்டதை இறங்கும்போது பிடித்துச் சரிக்கட்ட முடியாது.

நாங்கள் ஆம்புலன்ஸில் ஏறியபோது ஆறு ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி, கயிறு, நோட்டு, காலி பாட்டில்கள் எல்லாம் பாலத்திலேயே கிடந்தன. அவற்றைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நினைக்கவும் கூடாது.

தம்பி கண் திறந்த அன்று மதியம்தான் சார் என்னைக் கூப்பிட்டு, "போய்ச் சாமான் ஏதாவது மிஞ்சியிருக்கா பார்த்துட்டு வாம்மா" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. போய் இறங்கினால் பாட்டி குடிசை வாசலில் சேறு வழித்துக்கொண்டிருந்தார். சாமந்திப் பாத்தியில் ஆற்றோரத்துப் பாதி முழுக்கப் போயிருந்தது. செடி இருந்த இடத்தில் வழவழவென்று கறுப்பு வண்டல்.

"வா கண்ணு. புள்ள எப்படி இருக்குது?"

கண் திறந்துவிட்டான் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு, நெற்றியில் வைத்துக் கும்பிட்டார். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தார். பிரித்தால் பாட்டில்கள். எங்கள் பாட்டில்கள் கொஞ்சம். அவை தீர்ந்த பிறகு பக்கத்துப் பேக்கரியில் கேட்டு வாங்கிய மினரல் வாட்டர் பாட்டில்கள், வரிசையாக. ஒவ்வொன்றின் கழுத்திலும் பூக்கட்டும் வாழைநார் சுற்றியிருந்தது. முதல் பாட்டிலின் நாரில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. எது முன், எது பின் என்பதில் குழப்பமே வராது. பேனாவில் எழுதியிருந்தால் அந்த மழையில் அழிந்திருக்கும்.

நான் பேச்சு வராமல் நின்றேன். அவர் சொன்னார்: "நீங்க அரை மணிக்கு ஒருதரம் மொண்டு வெச்சீங்களே. பாதியில உட்டுட்டுப் போயிட்டீங்க. அந்தப் புள்ள அதுக்காவத்தானே தண்ணியண்ட வந்துச்சு. அது வீணாப் போவலாமா?"

ஆற்றுக்குள் இறங்கவில்லை. பாலத்துக் கைப்பிடியை ஒட்டி நின்று, கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி மொண்டிருக்கிறார். நீர்மட்டம் பார்த்தது பேத்தி. எட்டாம் வகுப்பு, கன்னட மீடியம். போன் டார்ச்சை அளவுகோலில் அடித்துப் பார்த்து, ரஃப் நோட்டில் கன்னட எண்களில் நேரமும் மட்டமும் எழுதியிருக்கிறாள். அந்த நோட்டை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஓரிடத்தில் இரண்டரை மணி என்று இருக்க வேண்டியது இரண்டு ஐம்பது என்று இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "மின்னல் அடிச்சது, பாட்டி விடலை, அப்புறம்தான் போனேன்" என்றாள். நேரத்தை அரை மணிக்குச் சரியாக மாற்றி எழுத அவளுக்குத் தோன்றவில்லை. இன்னோர் இடத்தில் மட்டத்துக்குப் பதிலாக ஒரு கோடு மட்டும். "குப்பை வந்து மறைச்சிடுச்சு, நம்பர் தெரியலை." தெரியாததைக் குத்துமதிப்பாக நிரப்பவில்லை. ஆராய்ச்சிக்கு வரும் பெரிய பெரிய ஆள்களுக்கே நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கும் விஷயம் இது. இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பாட்டில்களை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம். இருட்டில் சாக்கால் மூடி வைத்திருந்ததால் பாசி பிடிக்கவில்லை. வடிதாளில் வடிகட்டி, 105 டிகிரி அடுப்பில் உலர்த்தி, எடை போட்டோம். வடிதாள்களை முடிச்சு வரிசைப்படி மேஜையில் அடுக்கியபோது சாரே எழுந்து வந்து நின்றார். முதல் சில தாள்கள் கறுப்பு, ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயில் தேங்கிக் கிடந்த சகதி. அப்புறம் திடீரென்று செக்கச் செவேல், கிழக்கே வீடு கட்டத் தோண்டிப் போட்ட மண். பிறகு மெல்ல மெல்ல வெளிறிய பழுப்பு. எடையும் அதையே சொன்னது. தண்ணீர் உச்சத்துக்கு வரும் முன்பே மண் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. இந்த மழைக்காலத்தின் பெரிய வெள்ளம் அது. ஏறுமுகமும் இறங்குமுகமும் முழுசாகக் கையில் இருக்கிறது.

ஒரு குறையும் உண்டு. அதை மறைத்தால் அவர் செய்ததற்கு மரியாதை இல்லை. வாளி மேல்தண்ணீரைத்தான் மொள்ளும். அடியில் உருண்டு போகும் மணல் அதில் வராது. அதற்காகத்தான் நாங்கள் மீன் வடிவத்தில் இருக்கும், தண்ணீரை மொள்ளும் ஒரு கருவியைச் சீரான வேகத்தில் தரைவரை இறக்கி ஏற்றுகிறோம். ஆனால் மெல்லிய வண்டலும் களியும் வேகமான வெள்ளத்தில் மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவில் கலந்திருக்கும். அணையை நிரப்புவதிலும் நகரத்து விஷத்தைச் சுமப்பதிலும் அதற்குத்தான் பெரிய பங்கு. மணலுக்கு இந்தப் பாட்டில்களைப் பயன்படுத்த மாட்டோம், வண்டலுக்குப் பயன்படுத்துவோம் என்று சார் சொல்லிவிட்டார். வாளியில் மொண்டது என்று அட்டவணையில் தெளிவாகக் குறிப்போம்.

இந்த நாள்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். காவிரி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்றது. அது வந்ததா இல்லையா என்று பிலிகுண்டுலுவில் எடுக்கும் அளவை வைத்துத்தான் இரண்டு மாநிலமும் பேசுகின்றன. பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கு அந்த எண்ணின் கனம் நன்றாகத் தெரியும். அந்தச் சண்டை சூடாகும் நாளில் கடை ஷட்டரை இறக்கி வீட்டுக்குள் இருந்தவர்கள் நாம். அந்த எண்ணுக்குப் பின்னால் மழையிலும் ராத்திரியிலும் ஆற்றோரத்தில் யாரோ ஒருவர் நின்றிருக்கிறார். மத்திய நீர் ஆணையத்தின் நிலையங்களில் வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒருதரம் மட்டம் பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பொங்கியபோது, சாத்தனூரிலிருந்து எத்தனை கனஅடி என்று எல்லாரும் டிவி முன்னால் காத்திருந்தோமே, அதற்குப் பின்னாலும் ஆள்கள்தான். அவர்களுக்கு நாம் யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. இந்த மடலில் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி எங்கள் குழுவில் மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகப்போவதில்லை. வெள்ளத்தில் எல்லா வேலையும் பாலத்தின் மேலிருந்துதான். பாலத்துக்கு அடியில், நீர்மட்டத்தைத் தானாகவே அளக்கும் ரேடார் மட்டமானி பொருத்த சார் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். அவன் அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு இது, நீங்களும் சாட்சி. தரவுகளை வெளியிடும்போது, அளவெடுத்தவர் என்ற இடத்தில் அந்த ராத்திரிக்கு நேரே எங்கள் பெயர் இருக்காது. பாட்டியிடமும் பேத்தியின் அம்மாவிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், அவர்கள் இருவர் பெயரும்தான் இருக்கும்.

பாட்டியிடம் பணம் கொடுத்துப் பார்த்தேன். கையையே நீட்டவில்லை. "போனது போச்சு கண்ணு, புள்ள பொழைச்சுக்கிச்சு" என்றார். இதைத் தம்பியின் அப்பாவிடம் வந்து சொன்னேன். அவரும் விவசாயிதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பணம் குடுத்தா எப்படிம்மா வாங்குவாங்க? நாத்து குடுத்தா வாங்குவாங்க" என்றார். மறுநாள் அவரே பஸ் ஏறிப் போய்ப் பாட்டியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். பாட்டி ஒத்துக்கொண்டார். மேலே படிந்த கறுப்பு வண்டலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். அதில் என்னென்ன இருக்கிறது என்று பரிசோதிக்கக் கொஞ்சம் எடுத்து வந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிப் பில் கட்டியாகிவிட்டது. இனி யாரும் பணம் அனுப்ப வேண்டாம். மிஞ்சியிருப்பதில் தம்பியின் அப்பா ஓசூர்ப் பக்கம் சாமந்தி நாற்று வாங்குகிறார். கணக்கை எல்லாருக்கும் அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு கே.ஆர்.புரம் ஸ்டேஷன் வாசலிலிருந்து வேன் கிளம்பும். வர முடிந்தவர்கள் வாருங்கள். மண்வெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள், அங்கே இரண்டுதான் இருக்கிறது. தம்பியை டாக்டர் இன்னும் சில வாரம் வெளியே விட மாட்டார். அவனைப் பார்க்க வருபவர்கள் மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள், அதிகம் பேச வைக்காதீர்கள்.

அன்புடனும் தீராத நன்றியுடனும்,
உங்கள் அக்கா, தங்கை, மகள்