எல்லாரும் ஒண்டுதான் என்கிறாய்

அன்புள்ள பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைத்தான் இந்தக் கிழமை முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். "எல்லாரும் ஒண்டுதான் அப்பா. இனி வோட்டுப் போடப் போகாதேங்கோ" என்றாய். போனில் பதில் சொல்லத் தொடங்கினால் கொம்மா இடையில் வாங்கிவிடுவா. அதனால் எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயமானது. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில், இலங்கையில் போர் முடிந்து எட்டு மாதத்தில், எங்களுக்கு முன்னால் இருந்தது என்ன? ஒரு பக்கம் போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. மறுபக்கம் அதே போரில் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி சரத் பொன்சேகா. யாழ்ப்பாணத்தில் வாக்களித்ததே ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். அதில் பெரும்பான்மை தளபதியின் அன்னச் சின்னத்துக்குப் போனது. பொன்சேகாவை விரும்பிப் போட்டவர் என் கண்ணில் ஒருவரும் படவில்லை. மகிந்த போகவேண்டும், அவ்வளவுதான். 2015இல் மகிந்தவைத் தோற்கடித்த மைத்திரிபால சிறிசேனவுக்கும் அதே அன்னம். 2019இல் மகிந்தவின் தம்பி கோட்டாபய வரக்கூடாது என்று சஜித் பிரேமதாசவுக்கும் அன்னம். யாழ் மாவட்டத்தில் விழுந்த வாக்கில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். ஒருவரைத் துரத்துவதற்காக இன்னொருவருக்குப் புள்ளடி (×) போட்டே என் வயது போய்விட்டது.

ஆனால் போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் பார்த்தவர்கள். 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நீ சின்னப்பிள்ளை. புலிகள் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுக்க 1,80,786 வாக்கு வித்தியாசத்தில் மகிந்த வென்றார். எதிர்த்து நின்ற ரணில் வந்திருந்தால் போர் வந்திராது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். எங்கள் தலைக்கு மேல் யார் இருப்பது என்பதை எங்களை விட்டுவிட்டு மற்றவர்கள் தீர்மானித்தார்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எல்லாரும் ஒண்டுதான் என்று நீ சொல்லும்போது எனக்கு மயிலிட்டி மாமாதான் நினைவுக்கு வருகிறார். 1990 ஜூனில் போரால் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர். 2017 ஜூலையில், சிறிசேனவின் காலத்தில், இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது நானும் கூடப் போனேன். வீடு இல்லை, கிணற்றுக்கட்டு மட்டும் பற்றைக்குள் கிடந்தது. மனிசன் பற்றையை விலக்கி, கட்டில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மகிந்த இருந்திருந்தால் அந்தத் துறைமுகம் அந்த வருசம் கிடைத்திராது என்றே நான் நம்புகிறேன். மகிந்தவும் சிறிசேனவும் எங்களுக்கு நல்லவர்கள் இல்லை. ஆனாலும் வித்தியாசம் இருந்தது.

அதற்காகச் சிறிசேனவை மன்னிக்க என்னால் முடியாது. இடம்பெயர்ந்தவர்களை ஆறு மாதத்தில் குடியேற்றுவேன் என்றார். 2017 ஜூனில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரை யாழ்ப்பாணத்தில் நேரில் சந்தித்து, போர் முடிவில் படையிடம் சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிடச் செய்வேன் என்றார். பட்டியல் வரவில்லை. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி, யாரைத் துரத்த நாங்கள் வாக்குப் போட்டோமோ அவரையே கூட்டிவந்து பிரதமர் ஆக்கினார். அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

கடைசி ஜனாதிபதித் தேர்தலில்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. 2024 செப்டெம்பரில் சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளர் நின்றார். வெல்லமாட்டார் என்று தெரியும். கொம்மா அவருக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்துவிட்டா. நான் சங்குக்கு 1 என்றும் சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்கு 2 என்றும் விருப்பு வரிசை எழுதினேன். எங்கட ஒழுங்கையில் பாதிப் பேருக்கு அப்படி எழுதலாம் என்றே தெரியாது. அந்த முறை ஒருவரும் பாதி வாக்கைத் தாண்டவில்லை. முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகளைத் திரும்ப எடுத்து, அடுத்த விருப்பு யாருக்கு என்று எண்ணினார்கள். இலங்கையில் முதல் தடவை. மனதில் உள்ளதையும் சொல்லி, வரக்கூடாதவரையும் தடுக்க இந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. எங்கள் கட்சிக்காரர் மேடை மேடையாய் விளங்கப்படுத்தியிருக்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் திட்டித்தான் நேரத்தைப் போக்கினார்கள்.

இப்போது ஜனாதிபதி அநுர. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றை அவருடைய கட்சிக்கே கொடுத்தார்கள், அதுவும் எங்கட சனம். 2025 ஏப்ரலில், இராணுவம் மூடி வைத்திருந்த பலாலி வீதியைத் திறந்தார்கள், காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, நடந்து போகக்கூடாது, இடையில் நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்குச் சற்று முன்னர்தான் வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்தில் உரிமை காட்டாவிட்டால் அரசுக்கு என்று வர்த்தமானி வந்திருந்தது. சனம் கத்தியபிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். கத்தினால் கேட்கிறார்கள் என்பதை நீயும் கணக்கில் எடு.

வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு தேர்தல் இல்லை. வைத்தால் நான் போவேன். அதற்கு முன்னம் வாக்குக் கேட்டு வருபவர் எவராக இருந்தாலும் விறாந்தையில் இருத்தி மூன்று விஷயம் கேட்பேன்: 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க நீ என்ன செய்வாய், வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருக்கும் மிச்சக் காணி எப்போது வரும், தோற்றாலும் அடுத்த வருசம் இந்தப் படலையைத் தட்டுவாயா. கொம்மாவும் பக்கத்தில் இருப்பா. தேநீர் கொடுக்கிறதா இல்லையா என்பதை அவ பதிலைக் கேட்டுத்தான் தீர்மானிப்பாவாம்.

அன்புடன்,
அப்பா