ரசத்திலிருந்து தொடங்குங்கள்: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மொரிசியஸ் தொடக்கப் பள்ளிகளின் தமிழ்ப் பாடத்தை வகுத்து, நூலாக்கி, தேர்வும் வைக்கும் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

தீவின் தெற்குப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறுவர்களுக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். தமிழாசிரியனாக இருந்ததில்லை. என் தமிழ் கோவிலிலும் பாட்டியிடமும் மாலை வகுப்பிலும் கற்றது. ஆகவே தமிழ் இலக்கணம் பற்றி உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு குழந்தை எப்படி வாசிக்கக் கற்கிறது, எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதை ஓரளவு அறிவேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான்காம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி சென்ற மாதம் ஒரு தமிழ் வாசிப்புப் போட்டியில் முதற்பரிசு பெற்றாள். பொங்கலைப் பற்றிய பத்தி அது. ஓரிடத்திலும் திக்காமல், முற்றுப்புள்ளியில் நின்று, காற்புள்ளியில் மூச்சு வாங்கி, "கரும்பு இனிக்கும்" என்ற வரியை அவள் கணீரென்று வாசித்தபோது அரங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீடு திரும்பும் பேருந்தில், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு, சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற கரும்பைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "கரும்பு கி எத்தே சா, தாத்தா?"

கரும்பென்றால் என்ன என்று, பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவின் கிரியோல் மொழியில் கேட்டாள். நான் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். "ஆ, கான்!" என்றாள், சற்று ஏமாற்றத்தோடு. அவளுடைய முப்பாட்டனார் கப்பலில் வந்து இறங்கியது அந்தக் கானை வெட்டத்தான். நான்கு ஆண்டுகள் தமிழ் படித்து, வாசிப்பில் பரிசும் பெற்ற பிள்ளைக்கு, இந்தத் தீவில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகிற ஒரு பொருளின் தமிழ்ப் பெயர் வெறும் ஓசையாகவே இருந்திருக்கிறது.

இவளாவது எழுத்தைப் பார்த்து வாசித்தாள். அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பையனின் தாளில் ஒவ்வொரு தமிழ் வரிக்கும் மேலே பென்சிலால் ரோமன் எழுத்தில் ஒலி குறிக்கப்பட்டிருந்தது. அவனுக்கு இரண்டாம் பரிசு.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகளை அவரவர் வகுப்பிலிருந்து பிரித்து அழைத்து, கிடைத்த அறையில் கிடைத்த நேரத்துக்குள் நடத்தி, அடுத்த வகுப்புக்கு ஓடுகிற அவர்களின் பாடு எனக்குத் தெரியும். கையில் கொடுத்த நூலைத்தான் அவர்கள் நடத்த முடியும். அந்த நூலும் தேர்வும் எழுத்தில் தொடங்கி எழுத்திலேயே நிற்கின்றன என்பதே என் முறையீடு. பேத்தியின் முதலாண்டுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் நோக்கி அணிவகுப்பு நடந்திருக்கிறது. ஙௌ என்ற எழுத்தை ஐந்து வயதுப் பிள்ளை பத்து முறை அழகாக எழுதியிருக்கிறாள். பெரியோர்களே, ஙௌ வருகிற ஒரு தமிழ்ச் சொல்லை எனக்குச் சொல்லியருள வேண்டும்; இந்த எழுபது வயதில் நானும் கற்றுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டுக் குழந்தை பள்ளிக்குள் வரும்போதே ஆயிரக்கணக்கான சொற்களைக் காதில் சுமந்துகொண்டு வருகிறது. எழுத்து அதற்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லின் படம் மட்டுமே. நம் குழந்தை வீட்டில் பேசுவது கிரியோல். இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு க என்ற ஒரே எழுத்து போதும். கல், பக்கம், தங்கம், மகன் என்னும் நான்கு சொற்களிலும் அந்த எழுத்து ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தமிழ் பேசும் குழந்தை இதற்காக ஒரு நொடியும் தயங்குவதில்லை, ஏனெனில் சொல் தெரியும், ஒலி தானாக வந்துவிடும். எங்கே வல்லோசை, எங்கே மெல்லோசை என்று நம் குழந்தைக்குச் சொல்லித்தர வாயில் ஒரு சொல்லும் இல்லை. கையில் ஒரு விதியும் இல்லை. பிரெஞ்சிலும் கிரியோலிலும் இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து பார்த்துப் பழகிய பிள்ளை, இங்கே ஏன் ஒன்று என்று கேட்டால், "அப்படித்தான், மனப்பாடம் செய்" என்பதே விடையாகிறது.

1986-இல் கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிதல். கூட்டல் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். பெருக்கலில் ஒரு பக்கம் சுழியமானால், மறுபக்கத்தில் நூறு இருந்தாலும் விடை சுழியந்தான். என் பேத்தியின் சான்றிதழ் அந்தச் சுழியத்துக்குப் போட்ட பொன் சட்டம்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே: எழுத்துக்கு முன் சொல்லைக் கொடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் எழுத்துத் தேர்வை நிறுத்தி, கேட்டல், பேசல், பாடல், படம் பார்த்துச் சொல்லல் ஆகியவற்றுக்கு அந்த நேரத்தைத் தாருங்கள். இது புதுமையும் அல்ல. சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் கற்றல் ஏணியையும் கொண்டு ஒவ்வொரு குழந்தையையும் அதனதன் வேகத்தில் நடக்க விட்டது. அங்கிருந்து அட்டைகளை அப்படியே இறக்குமதி செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்குள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் இருக்கிறது.

நமக்கோ வீட்டுக் கிரியோலுக்குள்ளேயே தமிழ் ஒளிந்திருக்கிறது. கோவிலும் காவடியும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கரிப்பூலே என்று அவர்கள் சொல்வது நம் கறிவேப்பிலை. பிரேத் மூரூம் முருங்கைக்கீரை. பிப்பங்காய் பீர்க்கங்காய். ராசோன் என்பது ரசம். இந்தக் கடைசிச் சொல்லைச் சற்றே எழுதிப் பாருங்கள்: ர, ச, ம். கொம்பும் இல்லை, காலும் இல்லை, சுழியும் இல்லை. மூன்றே எழுத்து, ஒரே ஒரு புள்ளி. வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிற கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அதன் மணமே தெரியும். அதைப் படித்து முடித்ததும் படம், மரம், பழம் என்று பக்கத்துச் சொற்களுக்கு நகரலாம். கோவில் என்று வாயால் சொல்வது முதல் நாளே நடக்கட்டும். அதன் முதலெழுத்து இருபுறமும் குறி சுமந்தது, எழுதுவது பின்னால் வரட்டும். அம்மா, ஆடு, இலை என்று வரிசை பிசகாமல் போக வேண்டும் என்று யாரும் நமக்கு விதிக்கவில்லை.

இத்துடன் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் ரூபாய் நோட்டில் தமிழ் எந்த இடத்தில் அச்சாக வேண்டும் என்பதற்காக நம் சமூகம் எழுந்து நின்றது. நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கூட்டங்களில் நானும் நின்றேன், அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஆனால் அந்த வரி என்ன சொல்கிறது என்று எத்தனை பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும் என்று கேட்க அதன் பிறகு ஒரு கூட்டமும் கூடவில்லை. மாலை போடவும் மேடையில் முழங்கவும் நமக்கு ஆள் இருக்கிறது. ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அது வாசிப்பதைக் கேட்டு, "இதற்கு என்ன பொருள், கண்ணு?" என்று கேட்கத்தான் ஆளில்லை.

கடிதம் நீண்டு, குரலும் சற்று உயர்ந்துவிட்டது. வயதைக் கருதிப் பொறுத்தருள வேண்டும். எழுத்துக்கு முன் சொல் என்பதை மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வாசிப்புப் போட்டிகளில் வாசித்த பத்தியிலிருந்து இரண்டு கேள்விகளாவது கேட்கப்பட வேண்டும். விடையைப் பிள்ளை கிரியோலில் சொன்னாலும் மதிப்பெண் தரப்பட வேண்டும். புதிய பாடநூல் அச்சுக்குப் போகும் முன், உங்களில் ஒருவர், முன்னறிவிப்போ மாலை மரியாதையோ இல்லாமல், ஏதேனும் ஒரு கிராமப் பள்ளியின் முதல் வகுப்பில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் வருவதாயிருந்தால் பேருந்து நிறுத்தத்தில் வந்து அழைத்துப் போகிறேன். மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடலாம், ரசமும் இருக்கும்.

வணக்கத்துடன்,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
ரோஸ் பெல்