அந்த ஒரு வரியை மாற்றுங்கள்

இணையவழி மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) போட்டிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். தேனி மாவட்டத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இந்த விளையாட்டுகளில் பயிற்சி கொடுத்து வருகிறேன். எந்தத் தகுதிச் சுற்றின் விதிமுறையைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே பொருளில் ஒரு வரி இருக்கிறது: இணைய இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு, துண்டிக்கப்பட்டால் மறு ஆட்டம் இல்லை. அந்த வரி யார் யாரை வெளியே தள்ளுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இணைப்புச் சிக்கலுக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது என்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். முடியும் என்று உலகப் போட்டிகளே காட்டியிருக்கின்றன. 2022ஆம் ஆண்டு தென்கொரியாவின் பூசான் நகரில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற மின்விளையாட்டின் எம்எஸ்ஐ என்னும் சர்வதேசப் போட்டி நடந்தது. கொரோனா கட்டுப்பாடுகளால் சீனாவின் ஆர்என்ஜி அணி அங்கே போக முடியவில்லை, ஷாங்காயிலிருந்தே ஆடியது. அவ்வளவு தொலைவிலிருந்து ஆடும் அணிக்குப் பாதகம் வரக்கூடாது என்று, பூசானில் அரங்கத்துக்குள் உட்கார்ந்திருந்த மற்ற அணிகளுக்கும் 35 மில்லி விநாடி இணைப்புத் தாமதம் செயற்கையாக ஏற்றப்பட்டது. போட்டி தொடங்கிய பிறகு அந்தக் கணக்கில் பிழை இருப்பதும், இரு பக்கத்துத் தாமதமும் ஒன்றாக இல்லை என்பதும் தெரியவந்தன. ஆர்என்ஜி ஆடி முடித்திருந்த மூன்று ஆட்டங்களையும் மறுபடி ஆட வைத்தார்கள். மனிதன் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான ஒரு வித்தியாசத்துக்காக மூன்று ஆட்டங்கள்!

சதுரங்கத்திலும் நடந்திருக்கிறது. 2020இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய முதல் இணையவழி ஒலிம்பியாடில் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இடம்பெற்ற இந்திய அணி இறுதிப் போட்டியில் ரஷ்யாவைச் சந்தித்தது. ஆகஸ்ட் 30 அன்று, கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தையும் பாதித்து உலகெங்கும் பல இணையதளங்களை முடக்கிய கோளாறு சரியாக இரண்டாம் சுற்றின்போது வந்து சேர்ந்தது. நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து, கடிகாரம் ஓடி, தோற்றதாகப் பதிவானார்கள். இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். நாம் கொண்டாடினோம். ஆனால், அதே போட்டியின் காலிறுதியில் நிகாலுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்தபோது அவர்கள் செய்த முறையீடு தள்ளுபடியானது. ஆர்மீனியா போட்டியிலிருந்தே விலகியது. நாம் அரையிறுதிக்குப் போனோம். இரண்டும் ஒரே மாதிரியான வழக்குகள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இரண்டிலும் முறையிடுவதற்கு ஓர் இடம் இருந்தது, காரணம் எங்கே என்று யாரோ ஆராய்ந்தார்கள், முடிவு சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடமே இல்லை.

போடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்தொன்பது வயது மாணவன், போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் நால்வர் அணியின் தலைவன். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியதில் ஃபைபர் கேபிள் வெட்டுப்பட்டது. மின்தடைக்கு அஞ்சி ரௌட்டருக்கென்று தனியாக ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்திருந்தான். அது சும்மா உட்கார்ந்திருந்தது. போட்டியன்று மாலை மொட்டைமாடியில், டவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மொபைல் டேட்டாவில் ஆடினான். வீட்டிலுள்ள மற்ற போன்கள் எல்லாம் ஃப்ளைட் மோடில். அம்மா தொலைக்காட்சியைக்கூடப் போடவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்தில் பிங், அதாவது ஆட்டத்தை நடத்தும் சர்வர் கணினிக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், 50 மில்லி விநாடியை ஒட்டிப் பச்சையில் நின்றது. மணி எட்டைத் தாண்டியதும் ஊரே போனைக் கையிலெடுக்கும் நேரம். பிங் 190 ஆனது, 60க்கு இறங்கியது, 400க்கு ஏறிச் சிவந்தது. திரையில் எதிரிகள் நின்ற இடத்திலேயே ஓடினார்கள். அடுத்த நொடி வேறெங்கோ முளைத்தார்கள். அவன் முதலில் சுட்டான், அவன் திரையில் குறி தப்பவில்லை. ஆனால் சர்வரின் கணக்கில் அதற்கு முன்பே அவன் விழுந்துவிட்டான். மீண்டும் இணைகிறது என்ற வட்டம் சுற்றி முடிந்து உள்ளே வந்தபோது கூட்டாளிகள் மூவரும் ஆட்டமிழந்திருந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் ஆட்டத்தில் ஒரு தவறும் நான் பார்க்கவில்லை. உங்கள் குழுவுக்கு அனுப்பிய புகாருக்கு, விதிமுறையின் அந்த வரியை நகலெடுத்து ஒட்டிய பதில் வந்தது.

நல்ல இணைப்பு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஆட்டத்துக்கு வேண்டிய டேட்டா மிகக் குறைவு. வீடியோ பார்ப்பதற்கு ஆவதில் சிறு பங்குதான். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் தாமதம் குறையும் என்று உறுதி கிடையாது. தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், அந்த நேரம் நொடிக்கு நொடி மாறாமல் இருப்பது, வழியில் தகவல் துண்டுகள் தொலையாமல் இருப்பது ஆகிய மூன்றும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளியே நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் சென்னையிலா, மும்பையிலா, சிங்கப்பூரிலா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள். எட்டு மணிக்கு ஆட்டம் வைப்பதும் நீங்கள். டவரில் கூட்டம் சேர்வதற்கு அந்தப் பையனா பொறுப்பு?

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. தோற்கும்போது வேண்டுமென்றே இணைப்பைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாமதத்தைப் பொத்தான் வைத்து உண்டாக்கி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் சர்வரில் ஒவ்வொருவரின் பிங்கும் பதிவாக முடியும். சண்டை வரும்போது மட்டும் எகிறி, முடிந்ததும் இறங்கும் தாமதத்தின் வடிவம் வேறு. அரை மணி நேரமாகத் தள்ளாடிக்கொண்டே போன இணைப்பின் வடிவம் வேறு. ஒரே நிறுவனத்தின் இணைப்பில் ஆடிய பலர் ஒரே நிமிடத்தில் அறுந்தால் அதில் சந்தேகமே வேண்டியதில்லை. பதிவை எடுத்துப் பாருங்கள். பார்க்காமலே எல்லோரையும் ஏமாற்றுக்காரர் கணக்கில் எழுதாதீர்கள்.

ஐவர் ஐவராக மோதும் விளையாட்டுகளில் தொழில்நுட்ப இடைநிறுத்தம் என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது. இறுதிச் சுற்றுக்கு மட்டும் என்று அதைப் பூட்டி வைக்காமல் முதல் சுற்றிலிருந்தே கொடுங்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே களத்தில் ஆடும் விளையாட்டை ஒருவருக்காக நிறுத்த முடியாது என்பது உண்மைதான். அதற்குப் பாய்மரப் படகுப் போட்டிக்காரர்கள் வழி வைத்திருக்கிறார்கள்: பல பந்தயங்கள் நடத்தி, ஒவ்வொருவரின் மிக மோசமான பந்தயத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். காற்று யார் சொல்லையும் கேட்காது என்பதை ஏற்றுக்கொண்ட விதி அது. ஆறு ஆட்டங்கள் நடத்தினால் ஐந்தை எண்ணுங்கள். உங்களுக்குக் கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இன்னொன்று கொஞ்சம் செலவு பிடிக்கும். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தைத் தகுதிச் சுற்று நாளில் வாடகைக்கு எடுங்கள். போனில் ஆடும் விளையாட்டாக இருந்தாலும் சி-டைப் முனையில் ஒரு சிறிய அடாப்டர் போட்டு வயர் இணைப்பு கொடுக்கலாம். எங்கள் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ் ஒரே இணைப்பில் உட்கார வைத்தால், கேபிளைப் பிடுங்கினார்களா என்ற உங்கள் சந்தேகத்துக்கும் அங்கேயே பதில் கிடைக்கும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, மின்விளையாட்டை முறையான விளையாட்டாக ஏற்றிருக்கிறது. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இதற்குப் பதக்கமே உண்டு. இந்த அங்கீகாரத்தை உங்கள் விளம்பரங்களில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறீர்கள். போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கும் பெருமைதான். கபடி நடத்துகிறவர் ஓர் அணியின் பக்கத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்க ஆட்டத்தைத் தொடங்கமாட்டார்.

அடுத்த தகுதிச் சுற்றுக்கான பதிவைத் திறப்பதற்கு முன்பே சர்வர் எந்த நகரத்தில் என்று அறிவியுங்கள். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரின் பிங்கையும் அளந்து குறித்து வையுங்கள். இணைப்பு அறுந்தவர் முறையிட 30 நிமிடம் கொடுங்கள். பதிவைப் பார்த்து, காரணத்துடன் பதில் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். பதில் எதிராக வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி என் மாணவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்திலிருந்து ஒரு பயிற்சியாளர்